சேவை ஒப்பந்தத்தில் ‘சேவை வழங்குநரின் கடமைகள்’ என்றால் என்ன? அதை ஏன் விவரமாக எழுத வேண்டும்?

பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்து தருபவர் எதை, எந்தத் தரத்தில், எப்போதுக்குள் செய்ய வேண்டும் என்று எழுதிவைக்கும் பகுதிதான் இது.

பொருள் என்றால் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். சேவையோ, நாம் கையெழுத்துப் போடும்போது இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் பின்னால் தகராறு வந்தால் எழுத்துதான் அளவுகோல். தையல்காரரிடம் “நல்லா தைச்சுக் கொடுங்க” என்பதற்கும், அளவுச் சட்டையைக் கொடுத்து “முழுக்கை, ஒரு பை, வெள்ளிக்கிழமை வேணும்” என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். முதல் வகையில் சண்டை வந்தால் இருவர் பக்கமும் நியாயம் இருக்கும்!

ஆகவே “லிஃப்ட்டை முறையாகப் பராமரிக்க வேண்டும்” என்று மட்டும் எழுதாதீர்கள். மாதம் ஒருமுறை பரிசோதனை, புகார் சொன்ன 4 மணி நேரத்துக்குள் ஆள் வர வேண்டும், மாற்றும் பாகத்தின் செலவு யாருடையது என்று எழுதுங்கள். கடைசியில் சொன்னதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சேவை வழங்குநர் வேலையை வேறொருவரிடம் கொடுத்தாலும் பொறுப்பு அவருடையதே என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

காசு கொடுத்துவிட்டால் பலன் கிடைத்தே ஆக வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது எப்போதும் சரியல்ல. உதாரணமாக, பொதுவாகப் பயிற்சியாளரின் கடமை ஒழுங்காகக் கற்றுத்தருவதே, உங்களைத் தேர்ச்சி பெறவைப்பது அல்ல, அப்படித் தனியே எழுதிக் கொடுத்திருந்தாலொழிய.