பெல்ட்டை யாருக்குக் கொடுப்பது? ரெஸ்லிங் புக்கிங் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, டபிள்யூடபிள்யூஇ மாதிரி ரெஸ்லிங்கில் யார் ஜெயிப்பது என்று கம்பெனியே முன்கூட்டியே முடிவு செய்கிறது, அதைத்தான் புக்கிங் என்கிறார்கள். அப்புறம் சாம்பியன் ஆவதில் என்ன பெருமை?

பதில்: இவரை நம்பி டிக்கெட் விற்கலாம் என்று கம்பெனி முடிவு செய்கிறதே, அதுதான் பெருமை. நான் ஜெயித்த நாளைவிடத் தோற்ற நாளைத்தான் கவனிப்பேன். ஒருவர்மீது கம்பெனிக்கு உள்ள மதிப்பு அன்றுதான் தெரியும்.

கேள்வி: டபிள்யூடபிள்யூஇ வீரர் கோஃபி கிங்ஸ்டனைச் சொல்கிறீர்களா?

பதில்: அவரேதான். 2019 பிப்ரவரியில் முஸ்தஃபா அலி என்ற இன்னொரு வீரருக்குக் காயம். கூண்டுக்குள் பலர் மோதும் எலிமினேஷன் சேம்பர் ஆட்டத்தில் அவர் இடத்துக்குக் கோஃபி வந்தார். பல வருடம் நடுவரிசையிலேயே நின்றவர் அன்று ஆடிய ஆட்டத்தில் கூட்டம் மொத்தமும் அவர் பக்கம் சாய்ந்தது. ஏப்ரல் 7, கம்பெனியின் மிகப்பெரிய வருடாந்திர நிகழ்ச்சியான ரெஸில்மேனியா 35-ல் டேனியல் பிரையனை வீழ்த்தி டபிள்யூடபிள்யூஇ சாம்பியன். கெவின் ஓவன்ஸ், சமோவா ஜோ, ரேண்டி ஆர்ட்டன் என்று வரிசையாகச் சமாளித்தார்.

அக்டோபர் 4, வாராந்திர நிகழ்ச்சியான ஸ்மாக்டவுன் ஃபாக்ஸ் சேனலுக்கு வந்த முதல் நாள். பிராக் லெஸ்னர் கோஃபிக்கு ஒரே ஒரு எஃப்-5 (தோளில் தூக்கிச் சுழற்றி வீசும் அடி) போட்டார். பத்து வினாடிகூட ஆகவில்லை, ஆட்டம் முடிந்தது, பெல்ட் போனது. அதே இரவில் லெஸ்னருக்கு எதிரே முன்னாள் யுஎஃப்சி சண்டை வீரர் கெய்ன் வெலாஸ்கெஸ் வந்து நின்றார், கோஃபியைப் பற்றிப் பேச்சே இல்லை. ரீமேட்ச்சும் கிடையாது, பழையபடி டேக் டீமுக்கு, அதாவது ஜோடி சேர்ந்து மோதும் ஆட்டங்களுக்குப் போய்விட்டார். லெஸ்னர் ஜெயித்ததில் எனக்கு வருத்தமில்லை. ஒரு பதினைந்து நிமிடம் மோதவிட்டிருக்கலாம்.

கேள்வி: பிரையனும் ரெஸில்மேனியா 28-ல் ஷேமஸிடம் 18 வினாடியில் தோற்றவர்தானே ப்ரோ? அவர் மட்டும் எப்படி மேலே வந்தார்?

பதில்: நல்ல கேள்வி. மறுநாள் ரா நிகழ்ச்சியில் அரங்கம் முழுக்கப் பிரையனுடைய "யெஸ், யெஸ்" கோஷம். அந்தக் கோபம் அடங்கவே இல்லை. 2014-ல் முப்பது பேர் ஒருவர் பின் ஒருவராக நுழையும் ராயல் ரம்பிளில் அவரைச் சேர்க்காததால், கடைசியாக வந்த ரே மிஸ்டீரியோவைப் பார்த்துக் கூட்டம் "பூ" என்று எதிர்ப்புக் குரல் எழுப்பியது, பாவம்! முன்னணி வீரர் சி.எம். பங்க்கும் அந்த ஜனவரியிலேயே கம்பெனியைவிட்டு விலகிவிட, ரெஸில்மேனியா 30-ல் ஒரே இரவில் ட்ரிபிள் எச்சையும், பிறகு ஆர்ட்டன், பட்டீஸ்டா இருவரோடு மோதி டைட்டிலையும் ஜெயித்தார். கோஃபியின் தோல்வியைத் தொட்டு அப்படி ஒரு கதையை யாரும் எழுதவில்லை.

கேள்வி: இந்திய வம்சாவளி வீரர் ஜிந்தர் மஹால்?

பதில்: 2017 மே மாதம் ஆர்ட்டனை ஜெயித்து சாம்பியன் ஆனார். அதற்கு முன் பல மாதம் தோற்றுக்கொண்டே இருந்தவர். இந்தியச் சந்தைக்காக என்றுதான் பலரும் பேசினார்கள். டிசம்பரில் டெல்லிக்கு வந்தபோது பெல்ட் கையில் இல்லை, நவம்பரிலேயே ஏ.ஜே. ஸ்டைல்ஸிடம் போய்விட்டது. டெல்லியிலும் ட்ரிபிள் எச்சிடம் தோற்கவைத்தார்கள். என்ன கணக்கோ!