மலை ஏறச் சம்பளம் யார் தருவார்?

கேள்வி: அக்கா, பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. விலங்கியல் கடைசி வருடம் படிக்கிறேன். ட்ரெக்கிங், கேம்ப் நடத்தும் துறையில் வேலை பார்க்க ஆசை. இன்டர்ன்ஷிப் கேட்டு மணாலி, ரிஷிகேஷ், பெங்களூரு என்று முப்பது கம்பெனிகளுக்கு மெயில் போட்டேன். ஒருவரும் பதில் போடவில்லை. அப்பாவோ, "ஏட்டி, மலை ஏறுததுக்கு எவன் சம்பளம் குடுப்பான்? பேசாம பி.எட். சேரு" என்கிறார். நான் எங்கே தொடங்குவது?
பெயர் வேண்டாம், விக்கிரமசிங்கபுரம்

பதில்: தங்கச்சி, அப்பா கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. நீ மலை ஏறுவதற்கு யாரும் காசு தர மாட்டார்கள். ஏறத் தெரியாத இருபது பேரைக் கூட்டிப்போய், இருபது பேரையும் முழுசாகத் திருப்பிக் கொண்டுவந்தால் தருவார்கள். 1984-ல் எவரெஸ்ட் ஏறிய பச்சேந்திரி பால் அதன்பின் எத்தனையோ வருடம் பார்த்த வேலை, டாடா ஸ்டீலின் சாகச அமைப்பை நடத்தி மற்றவர்களை மலைக்கு அழைத்துப்போனதுதான்.

உன் மெயிலின் முதல் வரி என்னவென்று பார்க்காமலே சொல்வேன்: "இயற்கையின் மேல் எனக்குத் தீராத காதல்." முப்பது கம்பெனிக்காரர்களும் அதைத் தினமும் படித்துச் சலித்தவர்கள். எத்தனை பேரை, எங்கே, எத்தனை நாள் பொறுப்பாகக் கவனித்தாய்? முதலுதவி தெரியுமா? நாற்பது பேருக்கு உப்புமா கிண்டுவாயா? இமயமலைப் பக்கம் என்றால் இந்தி வருமா? இதற்கெல்லாம் விடை இருக்கிற மெயிலைத்தான் திறந்து வைப்பார்கள்.

இதையெல்லாம் சேர்க்க உன் ஊரைவிட நல்ல இடம் உண்டா? ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து ஐயனார் கோயிலுக்கு வருகிற கூட்டத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருப்பாய். புலிகள் காப்பகத்துக்குள், ஆற்றங்கரையில், குடும்பம் குடும்பமாகக் குடில் போட்டுத் தங்கும் கூட்டம். குடிநீர், கழிப்பிடம், பிளாஸ்டிக், ஆற்றில் இறங்கும் பிள்ளைகள், இருட்டினதும் வந்துவிடும் பன்றி என்று, ஒரு கேம்ப் மேனேஜருக்கு வரக்கூடிய தலைவலி அத்தனையும் அங்கே ஒரே இடத்தில் இருக்கும். வனத்துறையோடு தொண்டர்களும் அந்த நாட்களில் வேலை பார்ப்பார்கள். போய் நில். எந்த வேலை, எத்தனை நாள், என்ன தப்பு நடந்தது என்று நோட்டில் எழுதி வை. அந்த நோட்டுதான் உன் பயோடேட்டா.

ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு வரும். 'ஏட்ரீ' என்ற சூழலியல் ஆய்வு நிறுவனம் மணிமுத்தாறில் வைத்திருக்கிற அகத்தியமலை மையம் 2011-லிருந்து உள்ளூர் ஆர்வலர்களோடு சேர்ந்து நடத்துகிறது. விலங்கியல் படித்துவிட்டு நீர்க்காகத்துக்கும் பாம்புத்தாராவுக்கும் வித்தியாசம் சொல்ல முழித்தால், கல்லூரிக்குத்தான் அவமானம்.

2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 மலைப்பாதைகளை அரசு திறந்ததே, அதில் காரையாறுப் பக்கமும் ஒன்று உண்டு. ஒருமுறை பணம் கட்டியே போ. ஆனால் மலையைப் பார்க்காதே, வழிகாட்டியைப் பார். எங்கே நிற்கிறார், யாரைக் கடைசியில் விடுகிறார், எப்போது தண்ணீர் குடிக்கச் சொல்கிறார் என்று கவனி. அங்கே வாழும் பழங்குடிகளான காணிக்காரர்களுக்கு அந்தக் காடு வீடு. அவர்களிடம் கற்க நமக்கு நிறைய இருக்கிறது. அனுமதியில்லாமல் காட்டுக்குள் மட்டும் போய்விடாதே. 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்த பிறகு இந்தத் துறையில் யாரும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. தடை செய்த அருவியில் நின்று நீ போட்ட ரீல் ஒன்று போதும், வேலை தர வந்தவரும் திரும்பிப் போய்விடுவார்.

என் கதை ஒன்று. இந்த வேலைக்கு வந்த முதல் வருடம், ஓர் ஆற்றங்கரை முகாம், இருபத்தாறு பள்ளிப் பிள்ளைகள். கிளம்பும்போது தலையை எண்ணச் சொன்னார்கள். நான் கண்ணாலேயே ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு "சரி" என்றேன். பஸ் ஏறியபின் இருபத்தைந்து. அந்தப் பையன் ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தான். தேடின அந்தப் பத்து நிமிஷம் ஆற்றைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. இப்போது கல்யாண வீட்டுப் பந்தியில்கூட என் வாய் எண்ணிக்கொண்டிருக்கும்.

சான்றிதழில் முதலுதவி முதலில். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸில் ஆரம்பி. கையில் காசு சேர்ந்ததும் 'வைல்டர்னஸ் ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர்' படி. ஆஸ்பத்திரி பல மணி நேரத் தூரத்தில் இருந்தால் என்ன செய்வது என்பதுதான் அதன் பாடம். அப்புறம் உத்தரகாசியில் நேரு மலையேற்ற நிறுவனம், டார்ஜிலிங்கில் 1954-லிருந்து இருக்கிற இமாலய மலையேற்ற நிறுவனம். அடிப்படைப் பயிற்சி ஏறக்குறைய நான்கு வாரம். இடம் பல மாதம் முன்பே நிரம்பிவிடும். 'ஏ' கிரேடு வாங்கினால்தான் மேல்நிலைப் பயிற்சிக்கு எடுப்பார்கள் என்பதால் உடம்பை இப்போதே தயார் செய். பையில் பத்துக் கிலோ அரிசியோடு கல்யாண தீர்த்தத்துப் படியில் ஏறி இறங்கு. ஆற்றில் நீந்திப் பழகியவள் என்றால் கோவாவில் தேசிய நீர் விளையாட்டு நிறுவனத்தின் உயிர்காப்புப் பயிற்சியையும் விசாரி.

மெயில் முப்பது வேண்டாம், ஐந்து போதும். இமயமலைக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு சீசன், செப்டம்பர் முதல் நவம்பர் வரை இன்னொன்று. ஜனவரியிலும் ஜூலையிலும் எழுதினால் ஆள் தேடுகிற நேரத்தில் போய்ச் சேரும். புலிகள் காப்பகங்களை ஒட்டிய விடுதிகளில் இயற்கை வழிகாட்டி வேலைக்கும் எழுது. உன் படிப்புக்கு அதுதான் பொருத்தம் என்பது என் எண்ணம். சாப்பாடு, தங்குமிடம், காப்பீடு, கூடாரத்தில் உடன் தங்கும் பெண் ஊழியர் யார் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு போ. பணம் கட்டினால் இன்டர்ன்ஷிப் தருகிறோம் என்பவர்களுக்குப் பதிலே போடாதே.

பி.எட். பற்றி. கோபப்படாதே, அதிலும் அப்பா பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. முகாமுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள்தான். வகுப்பைக் கட்டி மேய்க்கத் தெரிந்தவர் கிடைப்பது இந்தத் துறையில் அரிது. சீசன் இல்லாத மாதங்களில் அந்தப் படிப்பு சோறும் போடும். இரண்டு வருடம் களத்தில் நின்றுவிட்டு வந்து சேருகிறேன் என்று அவரிடம் சொல்லிப் பார்.

ஐந்து மெயிலில் ஒன்றை அனுப்புமுன் எனக்குக் காட்டு. முதல் வரியில் 'காதல்' இருந்தால் சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்புவேன்.