கிளேட்டன் கேற்றும் கந்தோர்ப் பெடியனும்

தம்பி, விசா விஷயமாகத் தொகுதி எம்.பி.யின் கந்தோருக்குப் போனேன், ‘இது எங்கள் அலுவல் இல்லை’ என்றார்கள், லேபர் கட்சிக்காரர் எங்களுக்கு உதவுவார்கள் என்று சொன்னார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் போனது விக்டோரியா மாநில எம்.பி.யிடம். விசா கன்பராவில் இருக்கும் அவுஸ்திரேலிய மத்திய அரசின் பாடு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரயில், பொலிஸ் என்றால்தான் இவர்.

நான் மெல்பேர்ணின் மல்கிரேவில் வீடு எடுத்தபோது எங்கள் மாநில எம்.பி. லேபர் கட்சியின் டானியல் அண்ட்ரூஸ். ஊரில் என்றால் முதலில் தகப்பன் பெயரைத்தான் கேட்போம். இங்கே ஏணி வேறு. மொனாஷ் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, ஒரு மத்திய எம்.பி.யின் கந்தோரில் உதவியாளராகச் சேர்ந்தார். உங்களைத் திருப்பி அனுப்பிய பெடியன் இருக்கிறானே, கிட்டத்தட்ட அதே கதிரை. அப்புறம் கட்சி அமைப்பாளர், உதவிச் செயலாளர். 2002இல் எம்.பி., 2006இல் அமைச்சர், அடுத்த வருடம் சுகாதாரம். 2010இல் கட்சி தோற்றதும் எதிர்க்கட்சித் தலைவர், 2014இல் பிரீமியர், அதாவது மாநில முதலமைச்சர். இடையில் இடது அணி, வலது அணி, தொழிற்சங்க வாக்கு என்று ஒரு மகாபாரதம் நடக்கும். லேபரின் கோட்டையான தொகுதிகளில் கட்சிக்குள் வேட்பாளராவதுதான் பெரிய தேர்தல்.

ஆள் எப்படி என்றால், எனக்குக் கிளேட்டன் ரயில் கேற்தான் ஞாபகம் வரும். காலையில் கேற் மூடினால் ஒரு ரயில் போகும், திறக்குமென்று கியரைப் போட்டால் எதிர்ப்பக்கம் இன்னொன்று வரும். பக்கத்தில்தான் பெரிய ஆஸ்பத்திரி. சைரன் அலற அலற அம்புலன்ஸ் எங்களுக்குப் பின்னால் நிற்கும். அவருடைய ஆட்சியில்தான் கோல்ஃபீல்டிலிருந்து டண்டினோங் வரை 9 கடவைகளை எடுத்துவிட்டு, 2018இல் ரயிலை மேலே ஓடவிட்டார்கள். தண்டவாளத்தோரம் வீடு வைத்திருந்தவர்கள் பால்கனிக்குள் ரயில் எட்டிப் பார்க்கும் என்று திட்டினார்கள். மாநிலத்தின் கடனும் ஏறியது, அதையும் சொல்லவேண்டும்.

கொரோனாவில் மெல்பேர்ணை மொத்தம் 262 நாள் பூட்டி வைத்ததில் எங்கள் வீடே இரண்டு பட்டது. மனைவிக்கு அவர் தெய்வம், மச்சானுக்கு அவர் பெயரைக் கேட்டாலே ஆகாது. ஆனாலும் 2022இல் மூன்றாம் தடவையும் வென்று, 2023 செப்டெம்பரில் தானாகவே விலகினார். 3,000 நாள் பிரீமியராக இருந்தால் சிலை வைப்பது இங்கே வழக்கம். அவர் அதைத் தாண்டிவிட்டுத்தான் போனார். பிறகு வந்த ஜெசிந்தா அலன் 1999 முதல் பெண்டிகோ கிழக்கு எம்.பி.

சரி, உங்கள் விசாவுக்கு மத்திய எம்.பி.யின் கந்தோரைத் தேடிப் போங்கள். பாஸ்போட், குடிவரவுத் திணைக்களம் அனுப்பிய கடிதங்கள் எல்லாவற்றிலும் ஒரு பிரதி கொண்டுபோங்கள். உங்கள் சார்பில் விசாரிக்கச் சம்மதப் படிவம் ஒன்று தருவார்கள், வாசித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.