வாசகர் கேள்வி–பதில்: நட்டத்தில் ஓடும் பஸ் எதற்கு?

கேள்வி: திருகோணமலையில் வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிளும் முடக்குக்கு முடக்கு ஓட்டோவும் இருக்கும்போது, நட்டத்தில் ஓடும் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸுக்குப் பொதுப்பணத்தைக் கொட்டத்தான் வேண்டுமா?
– வாசகர், உப்புவெளி

பதில்: நகர எல்லையை மட்டும் பார்த்தால் உங்கள் கேள்வி நியாயமானதே, ஆஸ்பத்திரியிலிருந்து கோணேசர் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் கச்சேரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் வருவோரில் பலர் கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், குச்சவெளிப் பக்கத்தவர்கள். 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்படும்வரை, அவர்களில் கிண்ணியாப் பக்கத்தார் படகுப் பாதைக்குக் காத்திருந்துதான் நகருக்கு வந்தார்கள். அந்தப் பாலத்தின் பயன், சொந்த வாகனம் இல்லாதவருக்கு, அதன்மேல் ஓடும் பஸ்ஸைப் பொறுத்தது. கிளினிக் கொப்பியையும் மருந்துப் பையையும் மடியில் வைத்துக்கொண்டு மூதூரிலிருந்து வரும் முதியவர் ஒருவரை, ஓட்டோ பிடித்து வரச் சொல்ல முடியுமா?

மோட்டார் சைக்கிளை நம்பியிருந்தவர்கள் 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டை மறந்திருக்கமாட்டார்கள். எரிபொருள் கியூஆர் முறை தொடங்கியபோது வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றரும் ஓட்டோவுக்கு 5 லீற்றருமே கிடைத்தன; ஒரே பஸ்ஸில் ஐம்பது பேர் போகலாம் என்பதன் அருமை அப்போது எல்லோருக்கும் தெரிந்தது.

நட்டத்தின் காரணத்தையும் பார்க்க வேண்டும். 1958இல் பஸ் சேவை அரசுடைமையானது. 1979இல் தனியாருக்கு மீண்டும் இடம் கிடைத்தது. அன்றுமுதல், சனம் நிறையும் நேரத்தில் இரு தரப்பும் போட்டி போட்டு ஓட (ஹோர்ன் சத்தத்தைக் கேட்டாலே புரியும்), பாடசாலைச் சீசன் டிக்கெட்டும் ஆளில்லாத கடைசி நடையும் பெரும்பாலும் சபையின் தலையில் விழுந்தன. வருட முடிவில் மொத்த நட்டத்தை மூடுவதைவிட, இன்ன ஊருக்கு இன்ன நேரத்தில் ஓடிய நடைக்கு இவ்வளவு என்று கொடுப்பதே முறை என்பது என் கருத்து. அப்போது ஓடாத நடைக்குக் காசில்லை. தனியார் பஸ்காரரும் அந்த நடையைக் கேட்டு வரலாம்.

கேள்வி: அப்படியானால் ரயில்?
– அதே வாசகர்

பதில்: 1927இல் திறக்கப்பட்ட நம் பாதை கல்லோயாச் சந்தியில் பிரிந்து கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாக வருகிறது. தண்டவாளமும் நிலையங்களும் இருந்தும், ஓடும் ரயில்கள் கொழும்புப் பயணிகளை நினைத்தே ஓடுகின்றன. கந்தளாயிலிருந்து அலுவலக நேரத்துக்கு ஒரு ரயில் பஸ் (தண்டவாளத்தில் ஓடும் பஸ்) விட்டால், அது புதிய பாதை எதுவும் போடாமலே கிடைக்கும் சேவையாக இருக்கும்.