தாயை இழந்த துயரத்தில் இலை, பூக்களைக் கொண்டு கலைப்பொருள் செய்வது மனத்தை ஆற்றுமா?

தாயை இழந்து சில மாதங்களே ஆன நிலையில், காய்ந்த இலைகளையும் பூக்களையும் வைத்து எதையாவது உருவாக்கினால் மனம் ஆறுமா, ஓவியப் பயிற்சி இல்லாதவர் எப்படித் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். என் தந்தை மறைந்தபின் இதில் இறங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன். துயரம் இதனால் தீர்ந்துவிடாது. ஆனால் பேச்சு வராத நாள்களில் அந்தத் துயரத்தோடு உட்கார்ந்திருக்கக் கைகளுக்கு ஒரு வேலை கிடைக்கும். எனக்கு அது பேருதவியாக இருந்தது.

பயிற்சி எதுவும் தேவையில்லை. உங்கள் அம்மா வளர்த்த செடியிலிருந்து தொடங்கலாம். அவரோடு நடந்த பாதையில் உதிர்ந்து கிடப்பதிலிருந்தும் தொடங்கலாம். நான் எடுத்துக்கொண்டது தந்தை வைத்த செம்பருத்தியை. அதன் இதழில் ஈரமும் வழவழப்பும் அதிகம் என்பதால், ஈரம் உறிஞ்சும் தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, முதல் சில நாள்கள் தாளைத் தினமும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் பூஞ்சை பிடித்துவிடும். ஒவ்வொரு முறை தாளை விலக்கும்போதும் இதழ் சற்று மெலிந்திருக்கும், நரம்புகள் துலங்கியிருக்கும், சிவப்பு மெல்லக் கருஊதாவாகத் திரும்பியிருக்கும். அவர் இல்லை என்று பிறர் சொல்லக் கேட்டு ஏற்றுக்கொள்ள முடியாதிருந்த எனக்கு, அந்த மாற்றத்தை நாள்தோறும் கண்ணால் பார்ப்பது தாங்கக்கூடியதாக இருந்தது.

இங்கிலாந்தின் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்து, அறிவியலாளரான தந்தையின் அரவணைப்பில் வளர்ந்தவர் அவர். 1852இல் தந்தை இறந்தபோது, ஆன் டிக்சன் என்ற தோழி வந்து உடன் தங்கினார். இரும்பு உப்புக் கரைசல் பூசிய தாளில் செடியை வைத்து வெயிலில் காட்டி, நீரில் அலசினால், நீலப் பரப்பில் செடியின் வடிவம் வெண்மையாக நிற்கும். அந்த முறையில் இருவரும் சேர்ந்து உருவாக்கிய பெரணிப் படங்கள் 1853இல் ஒரு தொகுப்பாயின.

இந்த வேலைக்கு நேர வரம்பு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். இழப்பை எண்ணி வருந்துவதற்கும் அன்றாட வாழ்வைக் கவனிப்பதற்கும் இடையே மனம் மாறி மாறிச் செல்வதுதான் இயல்பு என்று மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஸ்கட் என்னும் இரு உளவியலாளர்கள் 1999இல் விளக்கினார்கள். ஆகவே தாளை மூடிவைத்துவிட்டு எழுந்து போய் மற்ற வேலையைப் பார்ப்பதில் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை. உறக்கமும் உணவும் தொடர்ந்து கெடுமானால் மனநல ஆலோசகரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். கலைவேலை அதற்கு மாற்றாகாது.

காய்ந்தவற்றைத் தாளில் ஒட்டிப் பாதுகாப்பதா, மண்மேல் அடுக்கிக் காற்றுக்கும் மழைக்கும் விட்டுவிடுவதா என்பது உங்கள் விருப்பம். ஒட்டுவதானால் பசையைக் குறைவாகத் தொட்டு, நேர்வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்; வெயில் பட்டால் நிறம் வெளுத்துவிடும். ஆனாலும் முதலில் மண்மேல் அடுக்கிப் பார்ப்பதே நல்லது என்பது என் எண்ணம், ஏனெனில் நன்றாக வந்திருக்கிறதா என்ற கவலை அங்கே எழுவதில்லை. அம்மாவை அறிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முகம் பார்த்துச் சொல்ல முடியாதவற்றைக் கைவேலையின் நடுவே சொல்ல முடிகிறது; அக்காவும் நானும் அப்பாவைப் பற்றி மனம்விட்டுப் பேசத் தொடங்கியது அப்படித்தான்.