டீச்சர்ட்ட கேளுங்க: அஞ்சு மணிக்கு எழும்பினா ஜெயிச்சிரலாமா?

இந்த மாசம் வந்த கேள்வியள்ல பாதிக்கு மேல ஒரே சங்கதிதான். வாழ்க்கைக்கு விதி சொல்லுத ரீல்ஸ், புஸ்தகம், ட்ரெய்னிங். போன மாசம் ஒரு பதில்ல நான் பாட்டுக்கு "அதெல்லாம் வெத்து, ஒண்ணையும் கேக்காதீங்க"ன்னு எழுதித் தொலைச்சிட்டேன், அதுக்க வெனைதான் இம்புட்டு கடிதம். வாங்குனதுக்கு அனுபவிக்கணும்லா, ஒவ்வொண்ணா சொல்லுதேன்.

கேள்வி: டீச்சர், எங்க வீட்டுக்காரரு ரப்பர் பால் வெட்டப் போறாரு, நானும் கூடப்போயி பாலெடுத்து ஷீட் அடிச்சு குடுப்பேன். ராத்திரி மூணு மணிக்கு எழும்பிருவோம். பெங்களூர்ல இருக்க எனக்க கொழுந்தன் லீவுக்கு வந்துட்டு, அஞ்சு மணிக்கு எழும்பி பச்சத்தண்ணில குளிச்சு டைரி எழுதினா 21 நாள்ல லைஃபே மாறிடும், உங்களுக்கு மைண்ட்செட்டுதான் பிரச்சனைன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. செஞ்சு பாக்கட்டா?
(ஒரு வாசகி, குலசேகரம்)

மக்ளே, அஞ்சு மணிக்கு எழும்பணும்னா நீ இப்ப எழும்புததவிட ரெண்டு மணிக்கூர் கூடுதலா ஒறங்கணும், அந்த ஒரு விஷயத்துல மட்டும் கொழுந்தன் பேச்சைக் கேட்டா கொள்ளாம்.

உன் வீட்டுக்காரரு எதுக்கு விடியமுன்ன ஹெட்லைட்டை மாட்டிட்டுப் போறாரு? வெயில் ஏற ஏற மரத்துக்க உள்ள அழுத்தம் கொறஞ்சு பால் ஓட்டம் மட்டுப்படும், குளிர்ச்சியா இருக்கும்போ வெட்டினாத்தான் சிரட்டை நெறையும். அவ்வளவுதான் காரணம். அதனாலதான் மழை பெஞ்சு பட்டை நனைஞ்சு கெடந்தா அன்னைக்கு அவரு போர்வைய இழுத்து மூடிட்டு ஒறங்குதாரு, ஒழுக்கம் கெட்ட மனுசன்னு ஊர்ல ஒருத்தரும் சொல்லமாட்டாவ. காரணம் தெரிஞ்ச ஆளுக்கு விதிய எப்ப விடணும்னும் தெரியும். கொழுந்தன்ட்ட எதுக்கு அஞ்சு மணின்னு கேட்டுப் பாரு, பெரிய பெரிய ஆளெல்லாம் அப்படித்தான் எழும்புதாவன்னு சொல்லுவாரு, அந்தப் பெரிய ஆளுக்கு சாயா போட அதுக்கும் முன்ன ஒருத்தி எழும்பியிருப்பா, அவளப் பத்தி அவரு டைரில ஒரு வரி இருக்காது. ஒரு விதி எந்த வீட்டுல பொறந்துதுன்னு பாக்கணும் மக்ளே, நான் அதைத்தான் மொதல்ல பாப்பேன்.

இந்த 21 நாள் பொறந்த வீடு தெரியுமா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு அமெரிக்காவுல ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், மூக்கு மாத்திக்கிட்ட ஆளுவளுக்கு கண்ணாடில தெரியுத புது மூஞ்சி பழகுததுக்கு கொறஞ்சது 21 நாளாவது ஆவுதுன்னு 1960-ல எழுதினாரு. கொறைஞ்சதுங்கற வார்த்தை வழியில எங்கயோ விழுந்துபோச்சு, மூக்கும் விழுந்துபோச்சு, 21 மட்டும் கப்பலேறி உன் கொழுந்தன் வாய் வரைக்கும் வந்து சேந்துருக்கு. பொறவு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல 96 பேரை வச்சு, தினமும் ஒரு சின்னப் பழக்கம், சாப்பாட்டோட ஒரு பழம் திங்கது மாதிரி, அது யோசிக்காமலே வர எத்தனை நாளாவுதுன்னு பாத்தாவ. 2010-ல அச்சாச்சு. சராசரியா 66 நாள், ஆளுக்கு ஆள் கணக்குப்படி 18-லேருந்து 254 வரைக்கும். நடுவுல ஒரு நாள் விட்டுப்போனா ஒண்ணும் முங்கிப்போவாதுன்னும் அதுலயே இருக்கு, அதை எந்த ரீல்ஸ்லயும் நான் பாக்கல.

டைரி எழுதணும்னா எழுது. ஆனா இன்னைக்கு எத்தனை ஷீட்டு, ஒட்டுப்பால் எவ்வளவு, கடைக்காரன் என்ன வெலை போட்டான், எவ்வளவு பாக்கின்னு எழுது. வருசக் கடைசில கையில எடுத்துட்டுப்போயி பேசலாம்.

கேள்வி: ஒரு நாளைக்கு 10,000 ஸ்டெப் நடந்தே ஆகணுமா? 7,000 தாண்டவே மாட்டேங்கு.
(வாசகர், தக்கலை)

அந்தப் பத்தாயிரம் 1965-ல ஜப்பான்ல ஒரு கம்பெனி நடையெண்ணுத மெஷினுக்கு வச்ச பேரு, பேருக்கு அர்த்தமே பத்தாயிரம் அடி மீட்டருன்னு வரும். ஏழாயிரமே நல்ல நடைதான், மிச்சத்துக்காக ராத்திரி பதினொரு மணிக்கு ஹால்ல குறுக்கும் நெடுக்கும் நடந்து வீட்டுல உள்ளவங்க ஒறக்கத்தைக் கெடுக்காதீங்க.

கேள்வி: சர்ச் கொயர்ல கீபோர்டு வாசிக்கேன் டீச்சர். எதுலயும் கில்லாடி ஆவதுக்கு 10,000 மணிநேரம் வேணும்னு படிச்சேன். என்னால தினம் ஒரு மணிநேரம்தான் முடியும். எனக்கு இது சரிப்படுமா?
(வாசகர், நாகர்கோவில்)

தினம் ஒரு மணிநேரம்னா 27 வருசத்துக்கு மேல ஆவும் தம்பி, அதுக்குள்ள உங்க சர்ச்சுல எத்தனை போதகர் மாறியிருப்பாவளோ.

பயப்படாத. ஆண்டர்ஸ் எரிக்சன்னு ஒரு சைக்காலஜிஸ்ட் கூட ரெண்டு பேரோட சேந்து பெர்லின்ல வயலின் படிச்ச பிள்ளையளைப் பாத்து 1993-ல எழுதினது அது. அதுல நல்லா வாசிச்ச பிள்ளையோ இருவது வயசுக்குள்ள தனியா உக்காந்து பழகுன நேரம் சராசரியா பத்தாயிரம் வந்துது. சராசரின்னா என்ன, நெறைய பேரு அதுக்குக் கீழதான். 2008-ல ஒரு பத்திரிகைக்காரரு அதை விதியாக்கி புஸ்தகம் போட்டாரு, எரிக்சனே பொறவு நான் அப்படிச் சொல்லலியேன்னு சொல்லிப் பாத்தாரு, யாரு கேட்டா? அவரு சொன்னது மணிக்கணக்கு இல்ல, தப்பை எடுத்துச் சொல்லுத வாத்தியாரு, தெரியாத எடத்தையே திரும்பத் திரும்ப வாசிக்கது, இதுதான். நீ தெரிஞ்ச பாட்டையே ஒரு மணிநேரம் வாசிச்சிட்டு எழும்புதியா, இல்ல இடது கை தடுமாறுத அந்த நாலு வரியப் பிடிச்சுட்டு உக்காருதியா? அதுக்கு பதில் உனக்குத் தெரியும், கொயர் மாஸ்டருக்கும் தெரியும்.

கேள்வி: வெளிநாட்டுக்காரன் சொன்னதெல்லாம் எதுக்கு? வள்ளுவர் 1330 குறள்ல எல்லாம் சொல்லியாச்சு, அதை ஃபாலோ பண்ணினா போதாதா?
(தமிழாசிரியர், கன்னியாகுமரி)

சார், உங்க வீட்டுக்கிட்டயே நிக்காரு, 2000 ஜனவரி 1-லேருந்து 133 அடியில. பீடம் 38 அடி, அறத்துப்பாலுக்க 38 அதிகாரம். அதுல கடைசி, 38-வது அதிகாரம் என்னது? ஊழ். விதிய விட வலுவுள்ளது ஒண்ணுமில்லங்காரு. 62-வது அதிகாரத்துல, அசராம முயற்சி பண்ணுதவன் அந்த விதியையே முதுகு காட்டி ஓட வைப்பான்னும் அவரேதான் சொல்லுதாரு. அடிக்கணக்குப் போட்டுப் பாத்தேன், ஊழ் அவரு காலடியில வருது, முயற்சி ஏறக்குறைய முட்டுப் பக்கம். ரெண்டையும் ஒரே நாள்ல ஃபாலோ பண்ண முடியாது சார். வள்ளத்தைக் கடல் கொண்டுபோனவன்ட்ட முயற்சி அதிகாரத்தை வாசிக்கப்படாது, பரிச்சைக்குப் படிக்காத பயல்ட்ட ஊழ் அதிகாரத்தை வாசிக்கப்படாது. எந்த ஆளுக்கு எப்பன்னு நமக்குத் தெரியும்னு நம்பித்தான் அந்த மனுசன் ரெண்டையும் எழுதி வச்சிட்டுப் போயிருக்காரு.

கேள்வி: எனக்க மவன் "டாக்ஸிக் ஆளுவளைக் கட் பண்ணணும், நோ சொல்லப் பழகணும்"னு சொல்லி எந்த சொந்தக்காரங்க வீட்டுக்கும் வரமாட்டேங்கான். பெரியம்மை வீட்டுக் கல்யாணத்துக்குக் கூட வரல. அவுக ஏதாவது சொல்லுவாகளாம்.
(ஒரு அம்மா, தோவாளை)

சொல்லத்தான் செய்வாவ. எப்ப கல்யாணம், எவ்வளவு சம்பளம், ஏன் மெலிஞ்சு போயிட்ட. இந்த மூணு கேள்விக்கு விசம்னு பேரு வச்சா ஜில்லாவே காலியாயிரும். அதே பெரியம்மைதான் நாளைக்கு உங்க வீட்டுல ஒரு துட்டின்னா மொத ஆளா வந்து அடுப்பைப் பத்த வைப்பாவ.

ஆனா ஒண்ணு, மவன் நோ சொல்லுதது கேட்டு உங்களுக்கு வருத்தம், உங்க மருமவ நோ சொன்னா என்ன நடக்கும்னும் யோசிச்சுப் பாருங்க. நான் முப்பது வருசம் ஸ்கூல்ல வேலை பாத்துட்டு வந்து, சாயங்காலம் எட்டு பேருக்கு மரச்சீனி அவிச்சு மீன்கறி வச்சவ, அன்னைக்கு இந்த விதி எனக்குக் கிடைச்சிருந்தா உபயோகமா இருந்திருக்கும். அது பொம்பளைக்கு எழுதுன விதிம்மா, உங்க மவன் தெரியாம எடுத்துட்டான்.

கேள்வி: டீச்சர், நான் கடலுக்குப் போறவன். தங்கல் (பல நாள் கடல்லயே தங்கி மீன்பிடிக்கது) போயிட்டு வந்து கரை எறங்கினா நேரா குடிதான், கையில ஒண்ணும் வீட்டுக்கு வராது. இப்ப நிப்பாட்டி 14 மாசம் ஆச்சு. என்னைய நிறுத்துனது ஒரே ஒரு விதி: "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் குடிக்கமாட்டேன்." போன மாசம் நீங்க எல்லாமே வெத்துன்னு எழுதியிருக்கீங்க. நீங்க குடிச்சிருக்கீங்களா டீச்சர்?
(வாசகர், கொளச்சல்)

இல்ல தம்பி, குடிச்சதில்ல. நான் எழுதினது தப்பு.

உங்க விதி பொறந்த வீட்டைப் பாருங்க, அமெரிக்காவுல ஆக்ரன்ங்கற ஊர்ல 1935-ல ரெண்டு குடிகாரங்க, ஒருத்தரு ஷேர் வியாபாரி, இன்னொருத்தரு டாக்டரு, ஒருத்தருக்கொருத்தரு பேசிப்பேசியே குடியிலேருந்து வெளிய வந்தாவ. அப்படி வந்ததுதான் இப்ப ஊரூருக்கு நடக்குத ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம். சொன்னவனும் குடிச்சவன், கேட்டவனும் குடிச்சவன். ஜெயிச்சவன் மேடையில நின்னு தோத்தவனுக்குச் சொன்ன விதி இல்ல அது. இன்னொண்ணு, நீங்க கடிதத்துல எழுதலேன்னாலும் எனக்கு ஒரு சந்தேகம், அந்த 14 மாசமும் நீங்க ஒத்தைக்கா இருந்திருக்கமாட்டீங்க, வெள்ளிக்கிழமை வந்து கூட்டத்துக்குக் கூப்பிடுததுக்கு யாரோ ஒரு ஆளு இருந்திருப்பாரு. (இதை வாசிச்சிட்டு வேற யாராவது நிறுத்தணும்னு நெனச்சா, வருசக்கணக்கா நெறைய குடிச்சவங்க பட்டுன்னு நிப்பாட்டினா வலிப்பு வரலாம், டாக்டரைப் பாத்துட்டு நிறுத்துங்க.)

நம்ம ஜில்லாவுல இதுக்கு ஒரு பழைய கதை உண்டு. சாதிக்கொடுமைய எதிர்த்து நின்ன அய்யா வைகுண்டர் காலத்துல வாகைப்பதி கடக்கரையில குடும்பம் குடும்பமா கூடியிருந்து துவையல் தவசு இருந்தாவ. குளிக்கணும், துணி துவைக்கணும், மரக்கறிதான் திங்கணும். கேக்கதுக்கு இப்ப வாற ரீல்ஸ் மாதிரியே இருக்குல்லா? பச்சத்தண்ணி குளியல், கிளீன் ஈட்டிங். ஆனா அது யாருக்க விதி? தலைப்பாகை கட்டப்படாது, முட்டுக்குக் கீழ முண்டு இறங்கப்படாதுன்னு அடுத்தவன் போட்ட விதிக்குள்ள கெடந்த சனம், தனக்குத் தானே போட்டுக்கிட்ட விதி. இப்பவும் அவருக்க கோயில் உள்ள சாமித்தோப்புல ஆம்பிளையோ தலைப்பாகை கட்டித்தான் உள்ள போறாவ, உள்ள போனா கும்பிடுததுக்கு ஒரு கண்ணாடி, அதுல உங்க மூஞ்சிதான் தெரியும்.

இன்னொரு விஷயம், இது ஞாபகம் வந்ததுலேருந்து எனக்கு மனசு கேக்கல. சாமுவேல் ஸ்மைல்ஸ்னு ஒருத்தரு "செல்ஃப் ஹெல்ப்"ங்கற பேர்லயே லண்டன்ல புஸ்தகம் போட்ட வருசம் 1859. உழைச்சா முன்னேறலாம், எல்லாம் உன் கையிலதான் இருக்குன்னு. அதே 1859-லதான் திருவிதாங்கூர் மகாராஜா நாடார் பொம்பளையோ மேல்துணி போட்டுக்கிடலாம்னு உத்தரவு போட்டாரு, அதுவும் மேல்சாதிக்காரங்க உடுத்துத மாதிரி உடுத்தப்படாதுங்கற கண்டிசனோட. அதுக்காக எத்தனை வருசம் அடி, எத்தனை வீட்டுல தீ. அந்தப் பொம்பளையள்ட்ட போயி உனக்கு மைண்ட்செட்டுதான் பிரச்சனைன்னு சொல்ல முடியுமா? அவளுக்கு மைண்ட்செட்டு இருந்துது, துணியும் இருந்துது, போடத்தான் விடல. குலசேகரத்துக்காரிட்ட கொழுந்தன் பேசுன பேச்சு எனக்குச் சுட்டது இதனாலதான். போன மாசம் அந்தக் கோவத்தை உங்க மேலயும் சேத்துக் கொட்டிட்டேன்.

கேள்வி: நீங்க ஃபாலோ பண்ணுத ஒரு விதிய மட்டும் சொல்லுங்க டீச்சர்.
(வாசகி, மார்த்தாண்டம்)

எங்க அம்மை சொன்னது, கோவத்துல எழுதுன கடிதத்தை ஒரு ராத்திரி அரிசிப்பானைக்க உள்ள போட்டு வச்சிட்டு மறுநாள் எடுத்து வாசிக்கணும்னு. போன மாசம் அதைச் செய்யல, நேரா தபால்ல போட்டுட்டேன். கொளச்சல் தம்பிக்கும் மொதல்ல ஒரு பதில் எழுதினேன், நீங்க யாரு என்னைக் கேக்கதுக்குன்னு ஆரம்பிச்சு ரெண்டு பக்கம். அது பானைக்குள்ளதான் கெடக்கு. மேல உள்ளது மறுநாள் எழுதினது.