பட்டறைப் பக்கம்: காரின் கதவைப் பிடித்திருப்பது மூன்றே பாகம்

போன இதழில் கார்க் கதவைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்த பிறகு இந்த முறை பக்கம் முழுவதையும் கதவுக்கே ஒதுக்கிவிட்டேன். அம்பத்தூரில் டோர் லாக் செய்யும் ஒரு தொழிற்சாலையில் 29 வருடம் இருந்தவன் நான். முதலில் டூல் ரூம், அப்புறம் டிசைன். எனக்கு மிகவும் பிடித்த பொருள் இது.

நானும் மூன்று நண்பர்களும் இறுதியாண்டு புராஜெக்டுக்கு, கார்க் கதவின் லாக்கை எளிமையாக்குவது என்று எடுத்திருக்கிறோம். காயலான் கடையில் பழைய லாக் ஒன்றை வாங்கிப் பிரித்தோம். நாற்பதுக்கு மேல் பாகங்கள்! வீட்டுக் கதவுக்கு ஒரு நாக்கும் ஒரு ஸ்பிரிங்கும் போதும் என்றால் காருக்கு மட்டும் எதற்கு இத்தனை? கதவு பாதி மூடும்போது கேட்கும் முதல் ‘க்ளிக்’கையாவது எடுத்துவிடலாமா?
— பாலிடெக்னிக் மாணவர், ஓசூர்

தம்பி, பிரித்துப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும்.

நீங்கள் சொல்லும் நாக்கும் ஸ்பிரிங்கும் பழைய கார்களில் இருந்தவைதான். விபத்தில் வண்டியின் கூடு இழுபட்டு, கதவுக்கும் தூணுக்கும் நடுவே இடைவெளி ஒரு விரல் அகலம் கூடினால் போதும், நாக்கு வெளியே வந்துவிடும். கதவு திறந்து ஆள் ரோட்டில் விழுவார். 1950-களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹியூ டி ஹேவன் தொடங்கிய விபத்துக்காய ஆய்வு இதைத்தான் எடுத்துக் காட்டியது. வண்டிக்குள்ளேயே இருந்தவரைவிட வெளியே வீசப்பட்டவருக்கு ஆபத்து அதிகம். 1956 மாடல் கார்களில் ஃபோர்டு நிறுவனம் இரட்டைப் பிடி உள்ள கதவு லாக்கைக் கொண்டுவந்ததற்குப் பின்னால் இந்த ஆய்வு இருக்கிறது.

இன்றைய லாக் நாக்கை நீட்டுவதில்லை, கட்டிப் பிடிக்கிறது. தூணில் வளையம்போல ஒரு கம்பி இருக்கிறதே, அது ஸ்ட்ரைக்கர். நம் வீட்டுக் கதவில் நாதாங்கி என்போமே, அதே வேலை. கதவுக்குள் இருக்கும் கவை, அதாவது ஃபோர்க், அந்தக் கம்பி வந்து முட்டியதும் சுழன்று அதைத் தன் இரண்டு விரலுக்கு நடுவே வாங்கிக்கொள்ளும். கவை திரும்பச் சுழலாமல் பின்னால் ஒரு துண்டு வந்து உட்காரும். தேர்ச்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவதுபோல. அதை இங்கே முட்டு என்றே சொல்கிறேன்.

நாதாங்கி, கவை, முட்டு. கதவைப் பிடித்திருப்பது இந்த மூன்றுதான், கூட இரண்டு ஸ்பிரிங். நீங்கள் எண்ணிய மற்ற எல்லாப் பாகமும் கதவை யார் திறக்கலாம், யார் திறக்கக்கூடாது என்று முட்டுக்குச் சேதி சொல்கிறவை. வெளிக் கைப்பிடி ஒரு ஆள், உள் கைப்பிடி ஒரு ஆள், சாவி, உள்ளிருந்து அழுத்திப் பூட்டும் குமிழ், சென்ட்ரல் லாக் மோட்டார், பின்சீட்டுக் குழந்தை உள்ளிருந்து திறக்காமல் தடுக்கும் சைல்டு லாக். ஆறு பேர் பேசுகிறார்கள். நாற்பது பாகம் வந்தது இவர்களால். எளிமையாக்க நினைத்தால் இந்தப் பேச்சைக் குறையுங்கள். பிடிக்கிற மூன்றைத் தொடாதீர்கள்.

முதல் ‘க்ளிக்’ பிடிக்கிற வேலையைச் சேர்ந்தது. கவையில் இரண்டு பல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கதவைச் சரியாகச் சாத்தாமல் கிளம்பிவிட்டாலும் முதல் பல் பிடித்துக்கொள்ளும். கதவுப் பூட்டுகளுக்கென்று உலக அளவில் 2004-ல் வந்த தொழில்நுட்ப விதியில் முழுதாக மூடிய லாக் ஒரு திசையில் 11,000 நியூட்டனும் கதவு திறக்கும் திசையில் 9,000 நியூட்டனும் தாங்க வேண்டும். பாதி மூடிய நிலையிலும் 4,500 நியூட்டன். நம் கணக்கில் சுமார் 450 கிலோ. பின்சீட்டுக் குழந்தை சாய்ந்திருக்கும் கதவு சரியாகச் சாத்தப்படவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அந்தக் குழந்தைக்கு இருப்பது இந்த 450 கிலோ மட்டும்தான். அதை எடுக்காதீர்கள்.

சரி, முட்டின் கோணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான மாணவர் புராஜெக்ட் தடுக்கி விழுவது இங்கேதான்.

கதவு ஓர ரப்பர் எப்போதும் கதவை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்தத் தள்ளல் கவையைத் திறக்கும் பக்கம் சுழற்றப் பார்க்கும். கவையின் பல் முட்டின் முகத்தில் அழுத்தும். அந்த அழுத்தம் போகும் கோட்டை முகத்துக்குச் செங்குத்தாக வரைந்து பாருங்கள். அது முட்டின் அச்சாணி நடுவே போனால் முட்டு சுழலாது. அச்சாணிக்கு ஒரு பக்கமாகப் போனால் அழுத்தம் கூடக்கூட முட்டு இன்னும் ஆழமாகக் கடிக்கும். பத்திரம்தான், ஆனால் திறக்கும்போது கைப்பிடி கனக்கும். மறு பக்கமாகப் போனால் அழுத்தமே முட்டை வெளியே தள்ளும். உராய்வு ஒன்றுதான் பிடித்திருக்கும். குண்டும் குழியுமான ரோட்டில் அதிர்ந்து அதிர்ந்து ஒரு நாள் கதவு தானாகத் திறந்துகொள்ளும். நாங்கள் கோட்டைக் கடிக்கும் பக்கமாக ஓரிரு டிகிரி தள்ளி வைப்போம். கம்ப்யூட்டரில் வரைவதற்கு முன்னால் கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஐந்து மடங்கு பெரிதாக வெட்டி, இரண்டு குண்டூசியில் மாட்டி, விரலால் தள்ளிப் பாருங்கள். எந்தப் பக்கம் போகிறது என்று கையே சொல்லிவிடும்.

இந்த ஓரிரு டிகிரி எவ்வளவு முக்கியம் என்று நான் கற்றது ஒரு தோல்வியில். கவையும் முட்டும் ஃபைன் பிளாங்கிங் பிரஸ்ஸில் வெட்டப்படுபவை. தகட்டை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்து வெட்டுவதால் வெட்டுமுகம் முழுக்கக் கண்ணாடிபோல வரும். செலவும் அதிகம். விலையைக் குறைக்கச் சொல்லி நெருக்கடி வந்தபோது, முட்டை மட்டும் சாதாரண பிரஸ்ஸில் வெட்டலாம் என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். படத்தில் அளவு ஒன்றுதான், உருக்கு ஒன்றுதான். சோதனை மேடையில் கதவு ஒரு லட்சம் தடவை திறந்து மூட வேண்டும். அறுபதாயிரத்தைத் தாண்டிய ஒரு காலையில் போய்ப் பார்த்தால், மூடிய கதவு தானாகத் துள்ளித் திறந்துகொண்டிருந்தது.

டூல் ரூம் மேஸ்திரி அந்த முட்டைக் கழற்றி, துடைத்து, என் கட்டைவிரல் நகத்தைப் பிடித்து அதன் முகத்தில் மெதுவாக ஓட்டினார். மேலே மூன்றில் ஒரு பங்கு வழவழப்பு. அதற்குக் கீழே சொரசொரவென்று கிழிந்த உலோகம். நகம் அங்கே தடுக்கியது. சாதாரண வெட்டு அப்படித்தான் வரும். கொஞ்ச தூரம் வெட்டும், மீதியைக் கிழிக்கும். மொத்தச் சுமையும் அந்த வழவழப்பான கீற்றிலேயே விழுந்து, அது தேய்ந்து உருண்டு, கோடு அச்சாணியின் தப்பான பக்கத்துக்கு நகர்ந்திருந்தது. அந்தக் கதவு வாடிக்கையாளர் வண்டியில் போகவில்லை என்பது இன்றுவரை எனக்கு ஆறுதல். அன்றிலிருந்து முட்டின் முகத்தில் காசு மிச்சம் பிடிக்க யாரையும் விட்டதில்லை.

இனி, எங்கே குறைக்கலாம்? சாவித் துவாரம் டிரைவர் கதவுக்கு மட்டும் போதும். குமிழை எடுத்துவிட்டு, உள் கைப்பிடியை இழுத்தாலே லாக்கும் விடுபடும்படி செய்யலாம். பின் கதவில் மட்டும் சைல்டு லாக்கை மறக்கக்கூடாது. முட்டையும் கவையையும் சரியான இடத்தில் வைத்தால் ஒரே சுருள் ஸ்பிரிங்கின் இரண்டு முனையும் இரண்டையும் தள்ளும். வலது கதவுக்கும் இடது கதவுக்கும் ஒரே கவை, ஒரே முட்டு. திருப்பிப் போட்டால் சரியாக வருகிற மாதிரி வரையுங்கள்.

இரும்புக் கம்பிகளுக்குப் பதில் சைக்கிள் பிரேக்கில் இருப்பதுபோல கேபிள் போடுங்கள். மாட்டுவது சுலபம் என்பது ஒரு காரணம். இன்னொன்று பெரிது. பக்கவாட்டில் இடிபடும்போது கதவு உள்ளே பாய்கிறது, வெளிக் கைப்பிடியோ நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. கதவுக்கு அது யாரோ வெளியே இழுத்த மாதிரி. மேலே சொன்ன விதி 30 ஜி வரை, அதாவது புவியீர்ப்பைப்போல 30 மடங்கு உலுக்கல் வரை, கதவு திறக்கக்கூடாது என்கிறது. 200 கிராம் கைப்பிடி 30 ஜி-யில் 6 கிலோ விசையோடு இழுக்கும். நாம் கையால் திறக்கவே அவ்வளவு வேண்டியதில்லை. கம்பியின் எடையும் இதோடு சேரும். கனமான கைப்பிடிக்கு எதிர் எடை வைத்துச் சரிக்கட்ட வேண்டும், ஆக இன்னொரு பாகம். கைப்பிடி லேசாகவும் கேபிளாகவும் இருந்தால் எதிர் எடையும் சிறியதாகிவிடும்.

1959-ல் வந்த பிரிட்டிஷ் மினி காரில் உள்பக்கம் திறக்க ஒரு கயிறு மட்டும் இருந்தது, இழுத்தால் கதவு திறக்கும். கண்ணாடி மேலே கீழே போகாமல் பக்கவாட்டில் நகரும். அதனால் கதவுக்குள் பெரிய பையே வைக்க இடம் கிடைத்தது. உள்ளே என்ன வேண்டும் என்று ஒருவர் முதலிலிருந்து யோசித்ததால் வந்த எளிமை அது, எனக்கு மிகப் பிடிக்கும். எளிமையின் இன்னொரு எல்லை நம் டாடா நானோ. 2009-ல் விற்பனைக்கு வந்தபோது அதன் டிக்கிக் கதவு திறக்கவே திறக்காது. லாக்கே இல்லை. பெட்டி வைக்கப் பின்சீட்டை மடித்து உள்ளே குனிய வேண்டும். 2015-ல் வந்த மாடலில் திறக்கும் டிக்கிக் கதவு வைத்தார்கள். உங்கள் அறிக்கையில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுங்கள்.

புதுக் கார் வாங்கி நான்கு மாதம். ஓங்கி அடித்தால்தான் கதவு சாத்துகிறது. அதிகாலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது தெருவே எழுந்துகொள்கிறது. கண்ணாடியை இறக்கியிருந்தால் மட்டும் மெதுவாகவே மூடிவிடுகிறது. கதவில் என்ன கோளாறு, ஐயா? தேங்காய் எண்ணெய் விடலாமா?
— ஆசிரியை, தென்காசி

அம்மா, கோளாறு பெரும்பாலும் காற்றில்தான். கண்ணாடி இறக்கினால் சரியாகிறது என்று எழுதினீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. நன்றாக அடைபட்ட காரில் கடைசிக் கதவைச் சாத்தும்போது உள்ளே இருக்கும் காற்று போக வழி தேடும். அதற்காகவே வண்டியின் பின்பகுதியில், பெரும்பாலும் பின் பம்பருக்கு உள்ளே மறைவாக, ரப்பர் மடல் வைத்த வழி ஒன்று உண்டு. டிக்கியின் பக்கவாட்டில் பைகளைத் திணித்து அந்த வழியை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புது ரப்பரும் நாளாக நாளாகக் கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கும்.

அப்படியும் சரியாகவில்லை என்றால் மெக்கானிக்கிடம் ஸ்ட்ரைக்கரைப் பார்க்கச் சொல்லுங்கள். திருகைத் தளர்த்துவதற்கு முன்னால் அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடச் சொல்ல வேண்டும், இது முக்கியம். அரை மில்லிமீட்டர் வெளியே நகர்த்தினாலே கதவு லேசாகிவிடும். அதற்கு மேல் நகர்த்தினால் வேகத்தில் காற்றுச் சத்தமும் மழையில் தண்ணீரும் வரும். கோடு இருந்தால் பழைய இடத்துக்குத் திரும்பிவிடலாம். மாற்றிய பிறகு இரண்டு ‘க்ளிக்’கும் கேட்கிறதா என்று நீங்களே காது கொடுத்துப் பாருங்கள். இரண்டாவது கேட்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே உறைகிற பொருள் அது, குற்றாலச் சாரல் காலத்தில் லாக்குக்குள் கட்டியாகும். தூசியையும் பிடித்து வைக்கும். வெள்ளை லித்தியம் கிரீஸ் ஒரு பட்டாணி அளவு கவையில் தடவினால் ஒரு வருஷத்துக்குப் போதும்.

பின்கதவு உள்ளிருந்து திறக்கவில்லை, வெளியிலிருந்து திறக்கிறது. லாக்கை மாற்ற வேண்டும் என்கிறார்கள்.
— வாசகர், நாமக்கல்

மாற்றாதீர்கள். கதவைத் திறந்து அதன் ஓரத்தில், லாக்குக்குப் பக்கத்தில் பாருங்கள். சின்ன நெம்பு ஒன்றோ சாவியால் திருப்பும் பள்ளமோ இருக்கும். அது சைல்டு லாக். வண்டி கழுவும்போது யாராவது நகர்த்தியிருப்பார்கள். திருப்பி வைத்த பிறகும் திறக்கவில்லை என்றால் உள் கேபிள் விட்டுப்போயிருக்கும். அதற்கும் முழு லாக் மாற்றத் தேவையில்லை.

மகன் எலெக்ட்ரிக் கார் வாங்கியிருக்கிறான். கதவுக்குக் கைப்பிடியே தெரியவில்லை, உள்ளேயும் ஒரு பட்டன்தான். அழுத்தினால் திறக்கிறது. பாகங்கள் குறைவு, அதனால் கெட்டுப்போகாது என்கிறான். எனக்கு மனது ஒப்பவில்லை.
— 71 வயது வாசகர், காரைக்குடி

உங்கள் மகன் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஐயா. சாவி, குமிழ், கம்பி எல்லாம் போய், முட்டை இழுக்க ஒரு சின்ன மோட்டாரும் இரண்டு வயரும் போதும். மேலே ஓசூர் தம்பிக்குச் சொன்ன பேச்சுக்காரர்கள் எல்லோரையும் ஒரே வயரில் அடக்கிவிட்டார்கள். டிசைனராக எனக்கு அது அழகாகவே தெரிகிறது.

ஆனால் அந்த மோட்டாருக்கு மின்சாரம் வருவது பெரும்பாலும் சின்ன 12 வோல்ட் பேட்டரியிலிருந்து. வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும், விபத்திலோ தண்ணீரிலோ இந்தச் சின்ன இணைப்பு போய்விட்டால் பட்டன் வேலை செய்யாது. அதற்காகக் கையால் இழுக்கும் வழி ஒன்று வைத்திருப்பார்கள். சில மாடல்களில் அது முன்சீட்டில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கிறது. பின்சீட்டில் கதவுப் பையின் அடியில், ஒரு மூடியைக் கழற்றினால்தான் கிடைக்கிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. பயத்தில் மனிதன் கை எங்கே போகுமோ அங்கே அந்த நெம்பு இருக்க வேண்டும். எங்கள் டிசைன் மேஜையில் யாராவது இப்படி வரைந்து கொண்டுவந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

உங்கள் மனது ஒப்பாததில் நியாயம் இருக்கிறது. இன்று சாயங்காலமே காரோடு வந்த புத்தகத்தில் கையால் திறக்கும் வழி எங்கே என்று மகனைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு வீட்டு வாசலில், இருட்டிய பிறகு, முன்சீட்டிலும் பின்சீட்டிலும் நீங்கள் ஒரு தடவை, பேரப்பிள்ளைகள் ஒரு தடவை, கண்ணை மூடிக்கொண்டு அதைத் தேடி இழுத்துப் பாருங்கள். எத்தனை நொடி ஆனது என்று எனக்கு எழுதுங்கள்.